சித்தி வெயிலில் போட்ட துணி

எங்கள் சித்தியைப் பெரியப்பாவால் அடக்க முடியவில்லை என்று சொல்வதில் எனக்கு இன்றைக்கும் சந்தோஷம்தான். வெள்ளைக்காரன் காலம் அது. பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் எங்கள் ஊரில் பெரியப்பா கனைத்தால் நாய்கூட எழுந்து நகர்ந்துவிடும்.

அப்போதெல்லாம் பெண்கள் மாதவிலக்குக்குக் கட்டும் தூரத்துணியை இருட்டில் அலசி, மாட்டுக்கொட்டாய்க் கூரைக்குள் செருகிவைப்பார்கள். ஆண்கள் கண்ணில் பட்டால் குடும்பத்துக்கு ஆகாதாம், அந்தத் துணியைப் பாம்பு தீண்டினால் கட்டியவளுக்குப் பிள்ளை தங்காதாம். யார் கண்டுபிடித்த சட்டமோ. மழைக்காலத்தில் அது காயவே காயாது. ஈரத்தோடு எடுத்துக் கட்டிக்கொள்வார்கள். சித்திக்கு அப்படித்தான் புண்ணாகி, காய்ச்சல் கண்டு, அரூர் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தாள். இனி வெந்நீரில் அலசி வெயிலில் உலர்த்தாமல் கட்டினால் உயிர் தங்காது என்று நர்சம்மா சொல்லி அனுப்பினாள்.

வந்த மறுமாதம், பட்டப்பகலில், சித்தி வாசல் கொடியில் அவற்றை வரிசையாக விரித்தாள். எங்கள் வீட்டில் வெயில் நன்றாக விழுவது வாசலில்தான்.

பெரியப்பா தெருவிலேயே நின்றுவிட்டார். தம்பி பெண்டாட்டியிடம் நேரில் பேசும் வழக்கமில்லை. அதனால் நடுவில் என்னைக் கூப்பிட்டு நிறுத்தினார்.

"அத எடுக்கச் சொல்லு. இல்லன்னா அவ அப்பன் வூட்டுக்கே போயிடச் சொல்லு."

சித்தி கதவோரம் நின்று என்னிடம் சொன்னாள். "காஞ்சதும் எடுத்துக்கறேன்னு சொல்லு கண்ணு."

"குடும்ப மானம் போவுதுன்னு சொல்லு."

"எனக்கு உசுரே போவப் பாத்துதுங்க, அப்ப இந்த மானம் எங்க போயிருந்துதுன்னு கேளு."

இருவருக்கும் இருவர் பேச்சும் நன்றாகக் கேட்டது. இருந்தாலும் நான் ஒரு சொல் விடாமல் எடுத்துச் சொன்னேன். அது என்ன துணி என்று மட்டும் எனக்குத் தெரியாது. பெரியப்பா அன்று வீட்டில் சாப்பிடவில்லை. அம்மாவும் பெரியம்மாவும் சித்தியோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். சித்தி எங்கும் போகவில்லை, துணி காய்ந்த பிறகுதான் எடுத்தாள்.

மாதங்கள் போகப் போகக் கொடியில் துணி கூடிக்கொண்டே வந்தது. ஒரு நாள் அதில் பெரியம்மாவின் பழைய அரக்குச் சேலையின் கரையைப் பார்த்துவிட்டேன். சித்தி திருடிவிட்டாள் என்று ஓடிப்போய்ப் பெரியம்மாவிடம் சொன்னேன்.

பெரியம்மா என் வாயைப் பொத்தினாள். "உங்க பெரியப்பாகிட்ட சொல்லிடாதடி."

பறிகொடுத்தவள் ஏன் பயப்படுகிறாள் என்று எனக்கு அன்று விளங்கவேயில்லை.