கஞ்சியைப் பார்க்காத மருமகன்

உடுத்த சாரத்தோடு மன்னார்ப் பக்கத்திலிருந்து வந்து புத்தளத்தில் கடல்நீர் ஏரியான களப்பின் ஓரத்தில் இறங்கியவன் நான். படிப்பு மூன்றாம் வகுப்பு. நண்டுகூட வளை தோண்ட யோசிக்கிற சேற்றில் வரப்புக் கட்டி உப்பளம் ஆக்கினேன். வெள்ளம் வரப்பைக் கொண்டுபோனது, திரும்பக் கட்டினேன். மறுபடியும் கொண்டுபோனது, மறுபடியும் கட்டினேன். களப்புத் தண்ணீரை உள்ளே விடுகிற மதகை நானே கொங்கிரீட்டில் போட்டேன். அதைப் பார்த்த ஒரு இஞ்சினியர் "இது நிற்காது" என்றார். அவர் பென்ஷன் எடுத்துப் போய்விட்டார், மதகு நிற்கிறது. லொறி வர ரோட்டுப் போட்டேன், ஓட்டு வீடு கட்டினேன், பள்ளிவாசலில் தொழுமுன் கைகால் கழுவி ஒளுச் செய்கிற தொட்டியும் என் கையால் பூசியதுதான்.

இவ்வளவும் கட்டியவனுக்கு ஒரே மகள். அவளை என் தங்கச்சியின் மகனுக்குப் பேசி வைத்திருந்தேன். இது அவனுடைய கதை. அதாவது, அவனை நான் எப்படிக் காப்பாற்றினேன் என்ற கதை.

என் அளத்தில்தான் அவனுக்கு வேலை. சுறுசுறுப்பான பிள்ளை என்று பொய் சொல்லமாட்டேன். உப்பு வாரும் பலகையை ஒரு தரம் இழுத்தால் வானத்தை ஒரு தரம் பார்ப்பான். யுத்தம் முடிந்து பல வருடம் கழித்து, கொரோனாவுக்கு முந்தி வந்த நோன்பு மாதத்தில் அவன் தலைகீழாக மாறினான்.

உப்பு விளைகிற காலமும் நோன்பும் ஒன்றாக வந்திருந்தன. மத்தியானம் மற்றவர்கள் ஈரத் துவாயைத் தலையில் போட்டுக்கொண்டு கொட்டிலில் கிடப்பார்கள். இவன் மட்டும் வெயிலில் நின்று உப்பு வாரினான். பழுதாகாத பம்பைக் கழற்றித் துடைத்துப் பூட்டினான். அடுத்த நாளும் கழற்றினான். உப்புக் குவியலை மூடிய கிடுகுகளை ஒரே சீராக வெட்டி அடுக்கினான். வாயும் ஓயவில்லை. மாலைதீவுக்கு உப்பு ஏற்றலாம், களப்புக்குக் குறுக்கே பாலம் போடலாம் என்று ஒன்றை முடிக்க முந்தி மற்றதைத் தொடங்குவான்.

"நோன்பின் பரக்கத்தைப் பாருங்கள், இந்த வாலிபரைப் பாருங்கள்" என்று மௌலவி பள்ளியில் பேசினார். யாருடைய மருமகன் என்று சனங்கள் தேடிக் கஷ்டப்படக் கூடாதே என்று நான் முன்வரிசையில் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"காக்கா, அல்லாஹ் புள்ளைக்கு நல்ல வழி காட்டிட்டான்" என்று அண்ணனான என்னிடம் தங்கச்சி கண் கலங்கினாள்.

"அல்லாஹ்தான். வளத்தது நான்" என்றேன்.

பக்கத்து அளத்துக்காரருக்கு என் வயதுதான். என் மதகு நிற்பதைப் பொறுக்காதவர்களில் இவரும் ஒருவர். ஒரு மத்தியானம் வரப்பில் நடந்து வந்தார்.

"மச்சான், ஒங்கட மருமகன் நோம்பு நேரத்தில வாய மெல்லுறார். ரெண்டு கண்ணாலயும் கண்டன்."

"என்னத்த மெல்லுறான்?"

"தொறந்து பாத்தாத்தானே தெரியும். வெத்திலையோ, ஒங்கட குடும்பத்து மானமோ."

கொட்டிலில் கிடந்த எல்லாரும் எழும்பி உட்கார்ந்தார்கள். மருமகனைக் கூப்பிட்டு, "வாயத் தொற" என்றேன். திறந்தான். ஒன்றுமில்லை. "கண்டீங்களா, வெறும் வாய்" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னேன். பக்கத்து அளத்துக்காரர் வந்த வரப்பால் திரும்பிப் போனார்.

மானம் தப்பியது. ஆனால் அவன் நாக்கு கருவாடு மாதிரிக் காய்ந்து கிடந்தது. வாயை மூடிய பிறகும் தாடை தன்பாட்டில் அரைத்துக்கொண்டே இருந்தது.

அன்று நோன்பு திறக்க எல்லாரும் என் வீட்டில். தங்கச்சி இறைச்சி போட்டு, தேங்காய்ப்பால் விட்டு, இஞ்சி வாசத்தோடு கஞ்சி காய்ச்சியிருந்தாள். நாள் முழுக்க வெயிலில் நின்றவன், நோன்பு திறக்கப் பள்ளியில் பாங்கு சொல்வதற்கு முந்திய அந்தக் கொஞ்ச நேரத்தில் கஞ்சிக் கோப்பையைப் பார்க்கிற பார்வை ஒன்று இருக்கிறது. கல்யாணத்தன்று பொண்டாட்டியைக்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டான். எவ்வளவு பெரிய பக்திமானாக இருந்தாலும் கண் அங்கேதான் போகும். மௌலவியின் கண்ணே போவதை நான் கண்டிருக்கிறேன்.

இவன் பார்க்கவில்லை. பாங்கு சொன்னது, எல்லார் கையும் பேரீச்சம்பழத்துக்குப் போனது, இவன் மாலைதீவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். கஞ்சியில் ஆடை படர்ந்தது. இது பக்தி இல்லை என்று அந்த இடத்திலேயே எனக்கு விளங்கியது.

"குடி மகன்."

"பசிக்கல்ல மாமா."

"தண்ணியாவது குடி."

"தாகமில்ல. மாமா, ஒங்கட கையில பூச்சி ஊருது, அசையாதீங்க."

என் கையில் ஒன்றும் இல்லை. அவன் தட்டித் தட்டித் தோலைச் சிவக்க வைத்துவிட்டான். முகத்தைப் பிடித்துப் பார்த்தேன். கண்மணி சட்டைப் பொத்தான் அளவுக்கு விரிந்திருந்தது, உடம்பு அடுப்பாகக் கொதித்தது. நெஞ்சில் காதை வைத்தேன். கரையில் தூக்கி வைத்த போட் இஞ்சின் தண்ணீர் இல்லாமல் ஓடுகிற மாதிரி ஓடியது.

"ஜின் புடிச்சுத்தான் ஈக்கும் காக்கா, மௌலவியக் கூப்புடுங்க, ஓதிப் பாக்கட்டும்" என்று தங்கச்சி அழுதாள்.

"ஆஸ்பத்திரிக்கு வந்து ஓதச் சொல்லு."

குடத்துத் தண்ணீரைத் தலையில் ஊற்றி, லொறியில் ஏற்றிக்கொண்டு ஓடினேன்.

அங்கே யாழ்ப்பாணத்துப் பிள்ளை ஒருத்தி டொக்டராக இருந்தாள். பார்த்ததும் சொன்னாள்: "ஐயா, இவர் ஐஸ் எண்ட போதை பாவிச்சிருக்கிறார்." உப்பு ஏற்ற வந்த ஒரு லொறிக்காரன் அந்தத் தூளைக் கொடுத்திருக்கிறான், விடியுமுன் சாப்பிடுகிற ஸஹர் நேரத்தில் எடுத்தால் நோன்பு தெரியாது என்றானாம். சேலைன் ஏற்றினார்கள், மருந்து போட்டார்கள், ஈரத் துணி சுற்றினார்கள். பிழைப்பானா என்று கேட்டேன். டொக்டர் அவன் சூட்டைத் திரும்ப அளந்தாள். நான் அவன் காலைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தேன். நான் பேசாமல் இருந்ததை அன்றைக்குத்தான் முதன்முதலில் கண்டதாகத் தங்கச்சி இன்றும் சொல்கிறாள்.

காலையில் சூடு இறங்கியது. டொக்டர் வந்து விளங்கப்படுத்தினாள்.

"மூளையில சந்தோசத்தைக் குடுக்கிற ஒரு நீர் இருக்கு ஐயா. நல்ல சாப்பாட்டுக்குக் கொஞ்சம், நல்ல வேலைக்குக் கொஞ்சம் எண்டு அளவாச் சுரக்கும். இந்த ஐஸ் அவ்வளவையும் ஒரேயடியாத் திறந்து விட்டிடும். பசி, களைப்பு ஒண்டும் தெரியாது. தெரியாதே தவிர, உடம்பு களைச்சுக்கொண்டுதான் இருக்கும். இதயம் அடிக்கும், ரத்தக்குழாய் இறுகும், சூடு ஏறும்."

"புள்ள, இது மதகுக் கதை" என்றேன். "களப்புத் தண்ணிய அளந்து விட்டாத்தான் உப்பு. மதகுப் பலகை எல்லாத்தையும் ஒண்டாத் தூக்கினா, பாக்க வெள்ளம் வடிவா ஈக்கும். வரப்புக் கரைஞ்சிடும். பிறகு உப்பும் இல்ல."

அவள் சிரித்தாள். "ஓம் ஐயா, அதேதான். இனிக் கன நாளைக்கு இவருக்கு ஒண்டிலயும் சந்தோசம் வராது. திரும்ப எடுக்கச் சொல்லி மனம் இழுக்கும். அப்பதான் பக்கத்தில ஆள் வேணும்."

"வரப்பத் திரும்பக் கட்டுற வேல எனக்குத் தெரியும்."

வீட்டுக்கு வந்தவன் நித்திரை, நித்திரை, ஒரே நித்திரை. எழும்பினால் அளத்து ஓரத்தில் வெறுமனே உட்கார்ந்திருப்பான். சிரிப்பில்லை, கோபம்கூட இல்லை. கிளினிக்குக்குக் கூட்டிப்போவேன். மற்ற நேரம் பக்கத்தில் உட்கார்ந்து நான் கட்டியவற்றையெல்லாம் முதலிலிருந்து சொல்வேன். ஒரு நாள் எழும்பிப் போய் உப்பு வாரும் பலகையைப் பிடித்தான். என் கதையைக் கேட்டு எழும்பினான் என்று நான் சொல்கிறேன். கதையிலிருந்து தப்ப எழும்பினேன் என்று அவன் சொல்கிறான்.

கல்யாணத்தை என் மகள் நிறுத்தி வைத்தாள். "அடுத்த நோம்பு வரட்டும் வாப்பா. கஞ்சியப் பாக்குறாரா எண்டு பாப்பம்."

அடுத்த நோன்பு வந்தது. பாங்குக்கு நேரமிருக்கும்போதே அவன் கண் கோப்பையில் விழுந்துவிட்டது. இரண்டாம் கோப்பையும் கேட்டான். மகள் ஊற்றினாள்.

இப்போது அவனும் அந்த டொக்டரும் மதுரங்குளி வரைக்கும் போய் இளம் பிள்ளைகளுக்குப் பேசுகிறார்கள். டொக்டர் மதகுக் கதையைச் சொல்கிறாள், கை தட்டுகிறார்கள். மருமகன் அல்லாஹ்வுக்கு நன்றி சொல்கிறான், அது முறை. பிறகு டொக்டருக்கு, உம்மாவுக்கு, பொண்டாட்டியாகிவிட்ட என் மகளுக்கு, அதற்கு மேல் வாய் மெல்லுவதைக் கண்டுபிடித்த பக்கத்து அளத்துக்காரருக்கு. முன்வரிசையில் நான் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறேன். என் முறை வருவதில்லை.

ஏன் என்று மகளிடம் கேட்டேன். "ஒங்களச் சொன்னா நீங்க எழும்பி மைக்க வாங்கிடுவீங்களாம் வாப்பா."

அதனால் எழுத்தில் வைக்கிறேன். கஞ்சிக் கோப்பையைக் கவனித்தவன் நான். மதகுக் கதை என்னுடையது, மதகும் என்னுடையது. அடுத்த கூட்டத்தில் இதைச் சொல்லியாக வேண்டும். பெயர்கூட வேண்டாம், "என் மாமா" என்றால் போதும். மைக்கை நான் கேட்க மாட்டேன். நீட்டினால், வேண்டாம் என்று சொல்லவும் மாட்டேன்.