சபை வாங்கிக் கொடுத்த பல்செட்டு

எங்கள் கிறிஸ்தவ சபையில் ஒரு மனிதனின் பல்லுக்காக ஓட்டெடுப்பு நடந்தது என்று வெளியூரில் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். நடந்தது. நானே எதிர்த்துக் கையைத் தூக்கினேன், தோற்றும் போனேன். பல்லுக்குச் சொந்தக்காரன் ஹோசியா டப்ஸ். நானும் அவனும் ஒரே தெருவில் பிறந்து, ஒரே வாத்தியாரிடம் அடி வாங்கி, ஒரே பெண்ணிடம் தனித்தனியாகப் போய் மூக்குடைபட்டு வந்தவர்கள். அவன் மவுத் ஆர்கன் ஊதுவான், நான் கிட்டார் வாசிப்பேன். வயிற்றுப்பாட்டுக்கு நான் முடிவெட்டும் கடை வைத்திருக்கிறேன். அவன் பருத்திக்காட்டில் டிராக்டர் ஓட்டினான்.

மிசிசிப்பியில் இருக்கிற எங்கள் ஊர் ஹார்டிஸ் பெண்டில் அவனைக் கோழி டப்ஸ் என்றால்தான் தெரியும். முட்டையிட்டுவிட்டு ஊரைக் கூட்டுகிற பெட்டைக்கோழியை மவுத் ஆர்கனில் அப்படியே இறக்குவான். சனிக்கிழமை ஆட்டத்தில் அவன் கொக்கரிக்கத் தொடங்கினால் சுவரோரம் கைகட்டி நிற்பவன் ஒருவன்கூட மிச்சமிருக்க மாட்டான். அப்போது ஆள் பார்க்கவும் லட்சணமாக இருந்தான். முன்பல்லில் ஒன்று தங்கம். அது தெரிய வேண்டும் என்பதற்காகவே சாவு வீட்டில்கூடச் சிரித்து வைப்பான்.

ஐம்பத்தாறாம் வருஷம் மெம்பிஸில் ஒரு சின்னக் கம்பெனிக்காரன் எங்களைக் கூப்பிட்டு அந்தக் கோழிப் பாட்டை இசைத்தட்டாகப் போட்டான். தட்டு வந்தது. அதில் அச்சாகியிருந்த பெயர் முதலாளியின் மைத்துனருடையது. மைத்துனர் செருப்புக்கடைக்காரர், விசிலடிக்கக்கூடத் தெரியாதவர். போய்க் கேட்டோம். "அடுத்த தட்டுல சரி பண்ணிடலாம், போங்க" என்றார்கள். அடுத்த தட்டும் வரவில்லை, கொஞ்ச நாளில் கம்பெனியையும் காணவில்லை.

பாட்டு மட்டும் போகவில்லை. காசு போட்டால் பாடுகிற ஜூக்பாக்ஸ் பெட்டி இருந்த கடையிலெல்லாம் கோழி கொக்கரித்தது. ஒருமுறை கிரீன்வில்லில் ஒரு சாப்பாட்டுக் கடையில் இருந்தோம். பாட்டு ஓடியது. பக்கத்து மேசைப் பெண்ணிடம் ஹோசியா தங்கப்பல் தெரிய, "இது யாருன்னு நினைக்கிற? நான்தான்" என்றான். அவள் எழுந்து போய்ப் பெட்டியில் ஒட்டியிருந்த பெயரைப் படித்துவிட்டு வந்தாள். "அப்படியா? அப்ப நான்தான் இங்கிலாந்து ராணி" என்றாள். கடையே சிரித்தது. அவனும் சிரித்தான். ஆனால் வீடு வரும்வரை அந்தத் தங்கப்பல் வெளியே தெரியவில்லை. செத்தாலும் தன் பெயர் போட்ட தட்டு ஒன்று வந்த பிறகுதான் சாவேன் என்பதை அன்றைக்கு முடிவு செய்துகொண்டான் என்று நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு அவனுக்கு எதுவும் சரியாக அமையவில்லை. பண்ணைக்காரர் கஞ்சன், டிராக்டருக்கு பேட்டரி வாங்கித் தர மாட்டார். ஹேண்டில் போட்டுச் சுற்றித்தான் கிளப்ப வேண்டும். ஒருநாள் ஹேண்டில் எதிர்ப்பக்கம் திரும்பி வாயிலேயே அடித்துவிட்டது. முன்பல் மொத்தமும் போயிற்று. தங்கப்பல்லைப் பருத்திச் செடிகளுக்கு நடுவே குப்புறப் படுத்துத் தேடினான், கிடைக்கவில்லை. மிச்சப் பற்களும் ஒவ்வொன்றாக அவனைவிட்டுப் போயின. நடுவில் மனைவியும் காலமானாள். வீங்கின ஈறோடு ஒருநாள் மவுத் ஆர்கனை வாயில் வைத்துப் பார்த்து, வலி தாங்காமல் அழுது, அதைத் துணியில் சுற்றிப் பரணில் போட்டான். பல் இல்லாமல் ஊத முடியாது, அவ்வளவுதான், கதை முடிந்தது என்றான். நான் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். காது கொடுத்துக் கேட்கவில்லை. வாயை மூடிக்கொண்டே, வாயைக் கையால் பொத்திக்கொண்டே, வருஷங்களை ஓட்டினான்.

சபைக்கு வந்தாலும் கடைசி பெஞ்சுதான். பாட மாட்டான். அங்கேதான் ஆர்டீலியா ஸ்பேட்ஸ் அம்மா அவனைப் பிடித்தார்கள். எங்கள் சபைக்குத் தாய் அவர்கள். வெள்ளை உடை, வெள்ளைத் தொப்பி, யாரையும் அசைத்துவிடும் ஒரு பார்வை. பாடகர் குழுவில் கட்டைக் குரலுக்கு ஆளில்லாமல் தவித்துக்கொண்டிருந்தார்கள். ஹோசியாவின் குரல் அவர்களுக்கு நினைவிருந்தது. உடனே பெண்களைத் திரட்டி, சனிக்கிழமை தோறும் கெளுத்தி மீனைச் சோளமாவில் புரட்டிப் பொரித்து, ஸ்பகெட்டியும் வெள்ளை ரொட்டியும் வைத்துத் தட்டுத் தட்டாக விற்றார்கள். கோடை முடிவதற்குள் ஹோசியாவுக்கு மேலும் கீழும் பளபளவென்று பல்செட்டு வந்துவிட்டது.

ஆள் திரும்பப் பிறந்த மாதிரி ஆனான். குழுவில் நின்று பாடினான். சோளக்கதிரைக் கடித்துத் தின்றான். கண்ணாடி பார்ப்பதற்கென்றே என் கடைக்கு வந்துபோனான்.

அந்தச் சமயத்தில்தான் வில்லம் வந்து சேர்ந்தார். பெல்ஜியத்துக்காரர், பழைய பாட்டுக்காரர்களைத் தேடிப் பதிவு செய்கிறவர். கோழிப் பாட்டைக் கேட்டுவிட்டு, தட்டில் இருந்த பெயரைத் துரத்திக்கொண்டு மெம்பிஸ் போய், அந்தச் செருப்புக்கடை மைத்துனரையே பிடித்துவிட்டார். மைத்துனர் நல்ல மனிதர். "எனக்கு ஊதவே தெரியாதுப்பா. ஹோசியான்னு ஒருத்தன், ஹார்டிஸ் பெண்ட் பக்கம்" என்று அனுப்பி வைத்திருக்கிறார். வில்லம் என் கடை வாசலில் நின்று, புத்தகத்தைப் பார்த்துப் படிப்பதுபோல, "வணக்கம் ஐயா. நான் கோழியைத் தேடி வந்திருக்கிறேன்" என்றார். சந்தை அந்தப் பக்கம் என்று நான் கையைக் காட்டினேன்.

விஷயம் புரிந்ததும் ஹோசியாவைக் கூப்பிட ஓடினேன். திங்கட்கிழமை முடிவெட்டும் கடைக்கு விடுமுறை. அன்றைக்கு என் கடையிலேயே பதிவு செய்துகொள்ளலாம், தட்டில் ஹோசியா டப்ஸ் என்றே போடலாம் என்று முடிவானது. அவன் அந்தச் சந்தோஷத்தை மனதில் வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். புதன்கிழமை பாடகர் குழு ஒத்திகையில் போய் எல்லாரிடமும் சொல்லிவிட்டான்.

ஸ்பேட்ஸ் அம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. கோழிப் பாட்டு உட்பட நாங்கள் சனிக்கிழமை வாசிப்பதெல்லாம் ப்ளூஸ்; ப்ளூஸ் என்றால் அவர்களுக்குப் பிசாசின் பாட்டு. நான் சனிக்கிழமை வாசிக்கிற அதே மூன்று சுரக்கட்டைத்தான் ஞாயிற்றுக்கிழமை சபையிலும் வாசிக்கிறேன். கர்த்தர் இதுவரை ஒன்றும் சொன்னதில்லை. ஆனால் ஸ்பேட்ஸ் அம்மா வேறு. வெள்ளிக்கிழமை சபைக் கூட்டம் கூட்டிவிட்டார்கள்.

"அந்தப் பல்லுக்காக நான் எண்ணெய்ச் சட்டி முன்னாடி நின்னு வெந்திருக்கேன். இதோ பாருங்க, கையில தழும்பு. சபை மீன் வித்து வாங்கின பல்லு, சபைப் பல்லு. அதை வச்சுக்கிட்டுப் பிசாசு பாட்டு ஊத விட மாட்டேன்" என்றார்கள்.

தீர்மானம் எழுதப்பட்டது. சபையின் பல்லைச் சாப்பிட, பேச, சிரிக்க, ஆண்டவரைத் துதிக்கப் பயன்படுத்தலாம். ப்ளூஸுக்குக் கூடாது.

மூப்பர் ஜெசப் எழுந்தார். "சிரிக்கிறதை எடுத்துடலாம் பாஸ்டரய்யா. இவன் சிரிச்சா எங்க போய் முடியும்னு ஊருக்கே தெரியும்."

"உக்காருங்க மூப்பரே. சிரிப்பு இருந்துட்டுப் போகட்டும்" என்றார் பாஸ்டர்.

கைகள் உயர்ந்தன. என் கை உள்பட எதிர்த்த கைகள் கொஞ்சம்தான். ஹோசியா எழுந்தான். முன்னால் நடந்து போய், வாய்க்குள் விரலை விட்டு, மேல் செட்டையும் கீழ் செட்டையும் கழற்றிக் காணிக்கைத் தட்டில் போட்டான். தட்டு டங்கென்றது. பொக்கை வாயால் என்னவோ சொன்னான். சபையில் ஒருவருக்கும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது, ஆனால் இங்கே எழுதக்கூடியது அல்ல.

திங்கட்கிழமை காலையில் வில்லம் மைக்குகளை நிறுத்தி, குளிர்பானப் பெட்டி இரைகிறது என்று அதன் வயரைப் பிடுங்கி, தயாராக நின்றார். ஹோசியா முடிவெட்டும் நாற்காலியில் தொங்கிய தலையோடு உட்கார்ந்திருந்தான்.

"பல்லு இல்லாம வராதுடா டோர்சி. அவரை அனுப்பிடு" என்றான். குழறலாகத்தான் வந்தது. பழகினவர்களுக்குப் புரியும்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "அதுவும் சரிதான். மெம்பிஸ் செருப்புக்காரரைக் கூப்பிட்டு ஊதச் சொல்றேன். அவர் பேருதான் ஏற்கனவே அச்சாயிருக்கு. அவருக்குப் பல்லும் இருக்கு" என்றேன்.

என்னை முறைத்துவிட்டு மவுத் ஆர்கனைப் பிடுங்கி வாயில் வைத்தான். முதலில் வெறும் காற்றும் எச்சிலும்தான் வந்தன. இன்னும் உள்ளே தள்ளினான். பல் இருந்தபோது அவ்வளவு தூரம் போகாது, முட்டும். இப்போது ஈறு மெத்தென்று பிடித்துக்கொண்டது. உதடு இரண்டும் சுருங்கி இறுகின. பிறகு கோழி வந்தது. பழைய கோழி இல்லை. தடித்த, தெனாவெட்டான, பத்துக் குஞ்சு பொரித்த கோழி. நான் கிட்டாரை எடுக்கவே மறந்துபோனேன்.

சட்டென்று நிறுத்தினான். மவுத் ஆர்கனை மடியில் வைத்துக்கொண்டு, "இத்தனை வருஷமும் இது இங்கேயே இருந்திருக்குடா. நான்தான் வாயைப் பொத்திக்கிட்டிருந்தேன்" என்றான். நான் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வில்லம் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "மிகவும் நன்று. ஒலிநாடாவின் தொடக்கத்தில் தங்கள் பெயரையும் ஊரையும் சொல்லுங்கள் ஐயா" என்றார்.

ஹோசியா சொன்னான். குழைந்த கஞ்சி போல வந்தது. மறுபடி சொன்னான், அதே கஞ்சி. மவுத் ஆர்கனைக் கீழே வைத்துவிட்டான்.

"பரவாயில்லை ஐயா, அட்டையில் சரியாக அச்சிடுவேன்" என்றார் வில்லம்.

"போன தடவையும் அச்சடிச்சாங்க" என்றான் ஹோசியா. "என் பேரை நானே சொல்லணும். தெளிவாச் சொல்லணும். எவனும் மாத்த முடியாதபடி அது பாட்டோட ஒட்டியிருக்கணும். இல்லேன்னா நான் ஊதலை."

அதற்கு மேல் அவனை யாராலும் அசைக்க முடியாது. நான் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு ஸ்பேட்ஸ் அம்மா வீட்டுக்கு நடந்தேன். சமையலறையில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார்கள். ஜன்னலோரம் ஜெல்லிக் கண்ணாடித் தம்ளரில், தண்ணீருக்குள், பல்செட்டு சிரித்துக்கொண்டிருந்தது. காய்ந்தால் கெட்டுவிடும் என்று பத்திரமாக ஊறவைத்திருந்தார்கள்.

"ஓட்டுப் போட்டு முடிச்சாச்சு டோர்சி" என்றார்கள் நிமிராமலே.

"பேசலாம்னு தீர்மானத்துலயே இருக்கே அம்மா. அவன் பேரைச் சொல்லப் போறான். அவ்வளவுதான். பேரு சொல்றது ப்ளூஸா?"

உரித்த கை நின்றது. அந்த மெம்பிஸ் தட்டின் கதை அவர்களுக்கும் தெரியும். ஊரில் அது தெரியாதவர் யார்? "அவன் அம்மா வச்ச பேரு அது" என்றார்கள். "நான் பக்கத்துல இருந்தேன் அன்னிக்கு." எழுந்து உள்ளே போய்த் தொப்பி வைத்துக்கொண்டு வந்தார்கள். தம்ளரை என் கையில் தரவில்லை. தாங்களே ஏந்திக்கொண்டு தெரு வழியாக நடந்தார்கள். நான் பின்னால் போனேன். எதிரே வந்தவர்கள் தம்ளரைப் பார்த்துவிட்டு, மரியாதையாகத் தொப்பியைக் கழற்றினார்கள்.

கடைக்குள் நுழைந்ததும் தம்ளரை நீட்டி, "பேரு சொல்றதுக்கு மட்டும். சொல்லிட்டுத் திருப்பிக் குடு" என்றார்கள்.

"சரிங்கம்மா" என்றான் ஹோசியா. மாட்டிக்கொண்டான். மைக்கின் முன்னால் நிமிர்ந்து நின்றான். "நான் ஹோசியா டப்ஸ். ஹார்டிஸ் பெண்ட், மிசிசிப்பி. கோழிப் பாட்டை ஊதினது நான்தான். அன்னிக்கும் நான்தான், இன்னிக்கும் நான்தான்." கழற்றி, அலசி, தம்ளரில் போட்டு, இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தான்.

ஸ்பேட்ஸ் அம்மா போகவில்லை. பல்லைக் காவல் காக்க வேண்டும் அல்லவா? நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, தம்ளரை மடியில் வைத்துக்கொண்டு, உதட்டை இறுக்கிக்கொண்டு, பிசாசின் பாட்டைக் கடைசிவரை கேட்டார்கள். கோழி வந்தபோது நாற்காலியின் இரும்புப் படியில் அவர்கள் கால் தட்டியது. தட்டத் தட்ட மடி ஆடியது, மடி ஆட ஆடத் தம்ளருக்குள் பல்செட்டு கிணுகிணுவென்று தாளம் போட்டது. வில்லம் அதை அழிக்க மறுத்துவிட்டார். ஐரோப்பாவில் யாரோ ஒரு எழுத்தாளர் பாட்டின் பின்னணியில் கேட்கும் சின்ன மணியின் இனிமையைப் பற்றி நீளமாக எழுதியிருக்கிறாராம். நாங்கள் யாரும் திருத்தப் போகவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பல் அவன் வாய்க்குத் திரும்பியது, கட்டைக் குரலும் குழுவுக்குத் திரும்பியது. குளிர்காலத்தில் தபாலில் வந்தது, தட்டுக்குப் பதில் கேசட்டாக. அட்டையில் அவன் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. என் கடையில் கூட்டம் கூடிவிட்டது. ஸ்பேட்ஸ் அம்மாவும் வந்திருந்தார்கள், யாரையோ தேடி வந்ததாகச் சொன்னார்கள். ஹோசியா கேசட்டைப் போட்டான். நான் ஹோசியா டப்ஸ் என்றது பெட்டி. அவன் உடனே நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி போட்டான். நான் ஹோசியா டப்ஸ். மறுபடி பின்னால் ஓட்டினான். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, துடைக்கவில்லை. ஐந்தாறு தடவை ஆனது. மறுபடியும் பொத்தானுக்குக் கையைக் கொண்டுபோனபோது ஸ்பேட்ஸ் அம்மா அந்தக் கையின்மேல் தன் கையை வைத்தார்கள்.

"பேரு எல்லாருக்கும் கேட்டுடுச்சு ஹோசியா" என்றார்கள். "பாட்டை ஓட விடு."