ஸ்டெல்லா ரீச்சர் கேட்ட கடிதம்

ஞாயிற்றுக்கிழமை காலை, வெள்ளவத்தைச் சந்தையில் மீனை வெட்டக் கொடுத்துவிட்டு நின்றபோது செய்தி வந்தது. எங்கள் பழைய ஆசிரியர்களின் வட்ஸ்அப் குழுவில் ஒரே வரி: "எமது ஸ்டெல்லா ரீச்சர் இன்று அதிகாலை மாரடைப்பால் காலமானார்." அதன்கீழே கும்பிடும் கைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்துகொண்டிருந்தன. மீனைக் கடையிலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். மனைவி கேட்ட பிறகுதான் அது தெரிந்தது.

அன்று மாலையே இன்னொரு செய்தி. அடுத்த வாரம் பாடசாலையில் அஞ்சலிக் கூட்டம். பிரதம அதிதி இன்னார். செத்த வீட்டுக்கும் பிரதம அதிதி வைக்கிற சனம் நாங்கள். அந்த இன்னாரின் பெயரை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் அதையும் ஒரு கல்லில் வெட்டி எங்காவது நடுவார். நான் சொல்லப்போகிற காலத்தில் அவர் அமைச்சர், இன்றைக்கும் ஏதோ ஒரு கதிரையில் இருக்கிறார். கூட்டத்தை ஒழுங்கு செய்கிறவர் எனக்குத் தொலைபேசி எடுத்து, "ரீச்சரோட கூட வேலை செய்தவர் நீங்கதானே சேர், நல்லதா நாலு வார்த்தை கதையுங்க" என்றார். அந்த மனிதரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு என்னால் கதைக்க முடியாது. ரீச்சரை அறிந்த உங்களுக்கு அதனால்தான் எழுதுகிறேன்.

அறியாதவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஸ்டெல்லா ரீச்சர் கொட்டாஞ்சேனையில் பிறந்து, கொட்டாஞ்சேனையிலேயே எங்கள் தமிழ்ப் பாடசாலையின் ஆரம்பப் பிரிவில் காலமெல்லாம் படிப்பித்தவர். நான் அங்கே கணித ஆசிரியன். பழைய அதிபர் ஓய்வு பெற்றதும் ரீச்சரைப் பதில் அதிபராகப் போட்டார்கள். மூன்று மாதத்துக்கு என்றார்கள். எட்டு வருடம் ஓடியது. வேலை அதிபரின் வேலை; சம்பளம் ஆசிரியரின் சம்பளம். ஒரு நிரந்தர நியமனத்தில் கையெழுத்து வைக்க மேலிடத்தில் ஒருவருக்கும் எட்டு வருடமாக நேரம் கிடைக்கவில்லை. "பதில் அதிபர் எண்டா என்ன தெரியுமா சேர்? மாப்பிள்ளை வாற வரைக்கும் மணவறையில குந்தியிருக்கிற தோழன்" என்று அவரே சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வந்ததில்லை.

சம்பள உயர்வு கேட்டு ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் செய்த நாட்களில் அவர் எங்களோடு வீதியில் நின்றார். பதில் அதிபர் நிற்கக்கூடாது என்று கல்விப் பணிமனையிலிருந்து சொல்லியனுப்பியும் நின்றார். கிராண்ட்பாஸில் கடை வைத்திருந்த ஒரு தகப்பன் வந்து, "நீங்களெல்லாம் காசுக்காக இப்பிடி ரோட்டுக்கு வரலாமா ரீச்சர்?" என்று கேட்டார். ரீச்சர் சற்றும் யோசிக்கவில்லை. "ஓம், காசுக்காகத்தான். உங்கட கடையில நீங்க அரிசியை அன்புக்கா நிறுத்துக் குடுக்கிறீங்க?" அந்த மனிதர் கடைக்குத் திரும்பிப் போய், அரை மணித்தியாலத்தில் எங்கள் எல்லாருக்கும் தேநீர் அனுப்பினார்.

ஆனால் அவருடைய உண்மையான சண்டை சம்பளத்துக்காக அல்ல. எங்கள் ஆரம்பப் பிரிவு ஒரு பழைய மாடிக் கட்டடத்தில் இருக்கிறது. மேல்மாடிச் சுவர்களில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு. கூரைத் தட்டிலிருந்து சீமெந்து உதிர்ந்து பிள்ளைகளின் கொப்பிகளில் விழும். புதிய கட்டடத்துக்கு அடிக்கல் மட்டும் மூன்று நட்டார்கள், தேர்தலுக்கு ஒன்றாக. மூன்றும் வாசலில் வரிசையாக நிற்கின்றன, மூன்று அமைச்சர்களின் பெயரோடு. பிள்ளைகள் இடைவேளையில் அவற்றின் மேல் ஏறியிருந்து பாண் சாப்பிடுவார்கள். யாராவது இறக்கப் போனால் ரீச்சர் விடமாட்டார். "இருக்கட்டும். அதால வந்த ஒரே பிரயோசனம் அதுதான்" என்பார்.

நான்காவதாக வந்தவர்தான் நான் மேலே சொன்ன இன்னார். இந்த முறை உண்மையிலேயே நிதி ஒதுக்கப்பட்டிருந்தது. எந்தப் பாடசாலைக்கு என்பதை, அமைச்சரும் பொறியியலாளரும் நேரில் வந்து பார்த்து முடிவு செய்வதாகக் கடிதம் வந்தது. அவர்கள் வர இருந்த திங்களுக்கு முந்திய வெள்ளிக்கிழமை ரீச்சர் எங்களைக் கூப்பிட்டு, "ஒருத்தரும் ஒண்டும் செய்யவேணாம். இருக்கிற கோலத்திலயே இருக்கட்டும். வந்து கண்ணால பாக்கட்டும்" என்றார். பிறகு அக்காள் மகளின் திருமணத்துக்காக நீர்கொழும்புக்குப் போய்விட்டார்.

இனி நான் சொல்லப்போவது என் வெட்கம். வீட்டுக்கு ஓர் ஆள் வருகிறார் என்றால் முற்றம் கூட்டி, கிழிந்த கதிரையில் நல்ல துணி போட்டு மூடுகிற வளர்ப்பு எங்களுடையது. அமைச்சர் வரும்போது பாடசாலை அப்படியா கிடப்பது என்று எனக்கு மனது கேட்கவில்லை. சனிக்கிழமையே பெற்றோரைக் கூட்டினேன். ஹனிபா நானா என்று ஒரு தகப்பன், ஹாட்வெயார் கடைக்காரர், பெயின்ட் வாளிகளைச் சும்மா தந்தார். வெடிப்புகளுக்குள் சீமெந்தை அடைத்து, மேலே இளமஞ்சள் பூசினோம். உடைந்த யன்னல்களுக்குத் திரைச்சீலை போட்டோம். ஞாயிறு மாலை தோரணமும் கட்டிவிட்டு, முதுகு நோக நோக, பெருமையோடு வீட்டுக்குப் போனேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறேன் என்பது இந்த மடையனுக்கு விளங்கவில்லை.

திங்கட்கிழமை ரீச்சர் வந்தார். சுவரில் உள்ளங்கையை வைத்து எடுத்தார், கையெல்லாம் மஞ்சள். "யார் செய்தது?" என்று கேட்டார். நான் முன்னால் வந்து நின்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வடிவாயிருக்கு சேர். இனி எங்களுக்கு ஒண்டும் கிடைக்காது" என்றார். ஒரு மணித்தியாலத்தில் வாகனங்கள் வந்துவிட்டன.

ரீச்சர் அமைச்சரை மேல்மாடிக்கு அழைத்துப் போய், எங்கெங்கே வெடிப்பு இருக்கிறது என்று பூச்சின் மேல் விரலால் கோடு போட்டுக் காட்டினார். பொறியியலாளர் சுவரை விரலால் இரண்டு முறை தட்டினார். அவ்வளவுதான் அந்த மகானின் ஆய்வு. அமைச்சர் ரோல்ஸ் சாப்பிட்டார், பிள்ளைகளோடு படம் எடுத்தார், இப்படித் துப்புரவாக வைத்திருக்கிற பாடசாலையைத் தான் கண்டதில்லை என்று ஒலிவாங்கியில் புகழ்ந்தார். இரண்டு மாதம் கழித்துப் பணிமனைக்குப் போய் விசாரித்தோம். லிகிதர் கோவையைப் புரட்டிவிட்டு, "அனே மிஸ், வார்த்தாவே தியென்னே ஹொந்தய் கியலனே" என்று சிங்களத்தில் சொன்னார். அறிக்கையில் கட்டடம் நல்லது என்றுதானே இருக்கிறது என்றால் நாங்கள் என்ன சொல்வது? எங்களுக்கு வரவேண்டிய நிதி, அந்த அமைச்சரின் சொந்தத் தொகுதிக்குப் போய்விட்டது. அங்கே ஒரு பாடசாலையில் ஏற்கெனவே இருந்த மண்டபத்துக்குப் பக்கத்தில் இன்னொரு மண்டபம் எழுந்தது. வாசலில் அவருடைய தகப்பனாரின் பெயர்.

பெயின்ட் பூசாமல் விட்டிருந்தால் மட்டும் தந்திருப்பார்களா என்று சிலர் என்னைத் தேற்றப் பார்ப்பார்கள். தந்திருக்க மாட்டார்கள்தான். ஆனால் எழுதுவதற்கு ஒரு பொய்யைத் தேட வேண்டியிருந்திருக்கும். அந்தப் பொய்யைத் தட்டில் வைத்து நீட்டியவன் நான்.

அந்த வருட மழையில், மூன்றாம் வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது கூரைத் தட்டிலிருந்து ஒரு பெரிய துண்டு பெயர்ந்து நிவேதா என்ற பிள்ளையின் தோளில் விழுந்தது. தலைக்கு ஒரு சாண் தள்ளி. ரீச்சரும் நானும் அவளை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு பொரளை ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். தோள் எலும்பு உடைந்திருந்தது. ரீச்சரின் மடியில் கிடந்த பிள்ளை, "ரீச்சர், யூனிஃபோம் ஊத்தையாப் போச்சு, அம்மா ஏசுவா" என்று அழுதாள். ரீச்சர் அப்போதுதான் அழுதார்.

பிறகு வந்தது விசாரணை. யாரை விசாரித்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? பாதுகாப்பற்ற கட்டடத்தில் வகுப்பு நடத்த அனுமதித்தது ஏன் என்று பதில் அதிபரிடம் விளக்கம் கேட்டார்கள். கட்டடம் நல்லது என்று எழுதிய அதே மனிதர்கள். அத்தோடு, குறைபாடுகளை மறைக்கும் நோக்கத்தோடு வர்ணம் பூசுவித்தார் என்றும் ஒரு வரி. ரீச்சர் என்னை அலுவலக அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தினார்.

"சேர், ஒரு கடிதம் வேணும். நான் இல்லாத நேரம், நான் வேணாம் எண்டு சொன்ன பிறகு, நீங்க பூசினீங்க எண்டு. அவ்வளவுதான்."

எனக்கு அப்போது வெள்ளவத்தைப் பக்கம் வீட்டுக்குக் கிட்ட ஒரு பாடசாலைக்கு இடமாற்றம் கிடைக்க இருந்தது. அதற்கு அதே பணிமனையில்தான் கையெழுத்து விழவேண்டும். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "பாப்பம் ரீச்சர்" என்றேன்.

அவர் எழுந்து கதவைத் திறந்துவிட்டு, "சரி சேர், வகுப்புக்கு நேரமாச்சு" என்றார். மறுபடி ஒருநாளும் கேட்கவில்லை. நானும் எழுதவில்லை. இடமாற்றம் கிடைத்தது. பாடசாலைக்கு ஒரு நிரந்தர அதிபரும் கிடைத்தார். எட்டு வருடம் கிடைக்காத மனிதர் இரண்டு கிழமையில் கிடைத்தார், அமைச்சரின் தேர்தல் மேடையில் வரவேற்புரை சொன்னவர். ரீச்சர் பழையபடி ஆசிரியராகி, தானே கேட்டு வாங்கி, அதே மேல்மாடியில் மூன்றாம் வகுப்பை எடுத்தார். "விழுறதெண்டா என்ட தலையிலயும் விழட்டும்" என்றாராம். அங்கிருந்தே ஓய்வு பெற்றார். அவருடைய ஆவணங்களில் கடைசிவரை, மறைக்க வர்ணம் பூசுவித்தார் என்ற அந்த வரி இருந்தது.

வத்தளையில் தங்கையின் வீட்டில்தான் அவரைக் கிடத்தியிருந்தார்கள். இருந்த மலர்வளையங்களில் ஆகப் பெரியது அந்த இன்னார் அனுப்பியது. உயிரோடு இருக்கும்போது ஒரு பேப்பர் துண்டில் நீதி எழுதிக் கொடுக்காதவர். அதைத் தூக்கி வெளியே எறிந்திருப்பேன், செத்த வீடு என்று விட்டுவிட்டேன். தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா உங்களைப் பற்றி ஒருநாளும் குறையா ஒண்டும் கதைக்கேல்ல சேர்" என்றார். நல்லதைத்தான் சொன்னார், பாவம்.

அஞ்சலிக் கூட்டத்தில் எல்லாரும் அவருடைய பொறுமையைப் புகழ்வார்கள். தயவுசெய்து நம்பாதீர்கள். ரீச்சர் பொறுமைசாலி அல்ல. கோபக்காரி, அந்தக் கோபத்தைக் கேட்க எவரும் இல்லாதபடியால் அதை விழுங்கி விழுங்கி நெஞ்சை வெடிக்க வைத்துக்கொண்டவர். அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது அந்தக் கோபத்தைத்தான். முதலில் அது என்மீது. எனக்கு இப்போது ஓய்வூதியம் வருகிறது, இனி ஒருவரும் என்னை எங்கும் மாற்ற முடியாது. கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று சொல்லுங்கள், ஏற்றுக்கொள்கிறேன்.

சம்பந்தப்பட்ட எல்லாருக்கும்: ஆரம்பப் பிரிவுக் கட்டடத்தின் வெடிப்புகளைச் சீமெந்து அடைத்து வர்ணம் பூசி மறைத்தவன், கணித ஆசிரியனாக இருந்த நான். பதில் அதிபர் திருமதி ஸ்டெல்லா அதைச் செய்ய வேண்டாமென்று முன்கூட்டியே சொல்லியிருந்தார். செய்யப்பட்டபோது அவர் பாடசாலையில் இருக்கவில்லை. வந்தவர்களிடம் வெடிப்புகளை அவரே விரலால் தொட்டுக் காட்டினார். அந்தச் சுவர்கள் இன்றும் அப்படியேதான் இருக்கின்றன. திங்கட்கிழமை காலை ஏழரைக்கு அவற்றின் கீழே பிள்ளைகள் வந்து இருப்பார்கள்.