நூற்றி நாலாம் அறைக்கு எதிர்ச்சுவர்

உமாராணிக்கு நாற்பத்திரண்டு வயது. அதில் பதினாலு வருஷம் தென்காசி பஸ் ஸ்டாண்ட் பக்கத்து ஃபிளக்ஸ் கடையில், கம்ப்யூட்டர் முன்னால் போய்விட்டது. சடங்கு வீடு, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, கட்சிக்காரர்களின் பிறந்தநாள் என்று ஊரில் யாருக்கு எது நடந்தாலும் அவள் கை படாமல் போர்டு வெளியே வராது. பருவை எடுப்பாள், முகத்தை வெளுப்பாக்குவாள், செத்தவருக்கு வெள்ளைச் சட்டை மாட்டித் தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் வைப்பாள். வானம் என்றால் நீலம், புல் என்றால் பச்சை. அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை.

கணவன் சுடலைக்கண்ணு ராணுவத்தில். மகள் திருநெல்வேலியில் ஹாஸ்டலில் இருந்து படிக்கிறாள். மேலகரத்து வீட்டில் இவள் ஒருத்தி. காலையில் வடித்த சோற்றையே ராத்திரியும் தின்றுவிட்டு, கண்ணை மூடினால் இமைக்குள்ளும் எழுத்துகள் ஓடும். அலுப்பாக இருக்கிறது என்று சொல்லக்கூட அலுப்பாக இருந்தது அவளுக்கு.

போன மே மாதக் கடைசியில் குற்றாலீஸ்வரன் அண்ணாச்சி கடைக்கு வந்தார். போலீஸில் எஸ்.ஐ.யாக இருந்து ஓய்வு பெற்றவர். குற்றாலத்தில் ஐந்தருவி ரோட்டில் லாட்ஜ் வைத்திருந்தார். சீசனுக்கு முன்னால் அதைப் புதுப்பித்துக்கொண்டிருந்தார்.

“மதுரையிலேர்ந்து ஒரு பொண்ணு வந்து எல்லாம் டிசைன் பண்ணுதா. இந்தப் படம்தான் நல்லாருக்கும்னு சொல்லுதா” என்று பென் டிரைவை நீட்டினார். “பிரெஞ்சுக்காரன் ஒருத்தன் நூத்தம்பது வருசத்துக்கு முன்ன வரைஞ்சதாம். மாடி வராந்தாவுல ஒட்டணும். பத்தடிக்கு ஆறடி.”

படத்தில் ஓர் ஆறு. இரண்டு படகு. கரையோரம் மரங்கள். காலை வெயில். உமாராணி வழக்கம்போலப் பெரிதாக்கி, அழுக்கு எங்கே இருக்கிறது என்று மூலை மூலையாகத் தேடினாள். எல்லாமே அழுக்காக இருந்தது. தண்ணீரில் நீலத்தைவிட ஆரஞ்சுத் தீற்றல்தான் அதிகம். மர நிழல் கத்தரிப்பூ நிறத்தில் கிடந்தது. படகில் நின்றவனுக்கு முகமே இல்லை. பிரஷ்ஷை மூன்று தரம் இழுத்துவிட்டு ஆள் என்று விட்டிருந்தான் அந்தப் பிரெஞ்சுக்காரன். அவளுக்கு எரிச்சலாக வந்தது. இப்படி நான் செய்து கொடுத்தால் மூஞ்சியில் எறிவார்கள் என்று நினைத்துக்கொண்டே, படத்தைச் சின்னதாக்கிவிட்டு டீ வாங்க எழுந்தாள்.

வாசல்வரை போய்த் தற்செயலாகத் திரும்பினாள். திரையில் தண்ணீர் அசைந்தது.

கிட்டே வந்தாள். வெறும் தீற்றல். பின்னால் போனாள். அலை. டீயை மறந்துவிட்டு உட்கார்ந்தாள். நிழலிலிருந்த கத்தரிப்பூ நிறத்தை எடுத்துவிட்டுக் கறுப்பைப் போட்டுப் பார்த்தாள். அவ்வளவுதான், மரத்து மேலிருந்த வெயில் அணைந்துபோயிற்று. வெயிலை அவள் தொடவே இல்லை. சட்டென்று பழையபடி ஆக்கினாள். அடுத்து ஆரஞ்சுத் தீற்றல்களைத் துடைத்தாள். ஆறு சிமென்ட் தரையாக நின்றது. அதையும் திரும்பக் கொண்டுவந்தாள். படகுக்காரனுக்கு ஒரு முகம் வைத்துப் பார்க்கவும் கை துறுதுறுத்தது. வைத்தாள். வெயிலில் தூரத்தில் நின்றவன், போட்டோவுக்கு நிற்கிறவன் ஆகிவிட்டான். அந்த முகத்தை அழித்தபோது அவளுக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

ஒரு புள்ளியைக்கூட மாற்றாமல் படத்தைப் பிரிண்டுக்கு அனுப்பினாள். பதினாலு வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

ஒட்டிய மறுநாளே போன் வந்தது. கடை முதலாளி மணிகண்டபிரபு கேட்டுவிட்டு வைத்தான். “அக்கா, படம் மங்கலா இருக்காம். அண்ணாச்சி கத்துதாரு. ஒரு எட்டுப் போய்ப் பாத்துட்டு வந்துருங்க. ஷார்ப் பண்ணி வேற அடிச்சுத் தரோம்னு சொல்லிருங்க.”

மத்தியானம் பஸ்ஸில் நின்றுகொண்டே குற்றாலம் போனாள். சாரல் ஆரம்பித்திருந்தது. மாடிப்படி ஏறும்போது முழங்கால் கெஞ்சியது. மேலே வராந்தா, எதிரெதிரே வந்தால் இரண்டு பேர் உரசிக்கொள்கிற அகலம். அண்ணாச்சி சுவரோடு மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றார்.

“இது என்னம்மா? ஆளுக்கு மூஞ்சி இருக்கா பாரு. சாயம் தெறிச்ச மாரில்லா இருக்கு.”

“மெஷின் சரியாத்தான் அண்ணாச்சி அடிச்சிருக்கு. தள்ளி நின்னு பாக்கணும்.”

“எங்கன தள்ளுறது? அஞ்சடிதான் வராந்தா. செவுத்தை இடிக்கச் சொல்லுதியா?”

மன்னிப்புக் கேட்டுவிட்டு, வேறு அடித்துத் தருகிறோம் என்று சொல்லிக் கிளம்பியிருக்கலாம். எப்போதும் அதைத்தான் செய்வாள். அன்றைக்கு அந்த வார்த்தை வரவில்லை. படத்துக்கு நேர் எதிரே நூற்றி நாலாம் அறை காலியாகக் கிடந்தது. கதவைத் தள்ளி உள்ளே போனாள். கட்டிலைத் தாண்டி ஜன்னலோரம் போய் நின்று திரும்பினாள்.

“அண்ணாச்சி, இங்கன வாங்க.”

“நீ என்னம்மா ரூமுக்குள்ள…”

“ஒரு நிமிசம் வாங்களேன்.”

முணுமுணுத்துக்கொண்டே வந்து பக்கத்தில் நின்றார். கதவு நிலைக்குள் ஆற்றின் நடுத்துண்டும் ஒரு படகும் அடங்கி இருந்தன. வெளியே மழை மூட்டம். வராந்தாவில் டியூப் லைட்டுகூடப் போடவில்லை. ஆனாலும் அந்தச் சுவரில் விடிந்துகொண்டிருந்தது. அண்ணாச்சி தலையை ஒருபக்கம் சாய்த்தார். ஓரடி முன்னால் போனார், பின்னால் வந்தார்.

“படகு போகுதுல்லா” என்றார் கடைசியில், ரகசியம்போல.

“ஆமா.”

“எப்பிடிப் போகுது?”

“தெரியல அண்ணாச்சி. கிட்ட போனா நின்னுருது.”

அவர் மோவாயைத் தடவினார். “அப்ப இந்த ரூம்காரனுக்கு மட்டுந்தானே தெரியும்?”

“கதவைத் தெறந்து வச்சா.”

“லாட்ஜுல எவன் கதவைத் தெறந்து வைப்பான்?” என்று எரிந்து விழுந்தார். ஆனால் மாற்றி அடிக்கச் சொல்லவில்லை. கீழே ரிசப்ஷனில் ஆட்கள் வந்துவிட்டதாகக் குரல் கேட்டது. “இருக்கட்டும், பாத்துக்கிடலாம்” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

உமாராணி பையைத் தோளில் மாட்டினாள். பிறகு கழற்றி வைத்துவிட்டுக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். புது மெத்தை, பிளாஸ்டிக் உறைகூட எடுக்கவில்லை, உட்கார்ந்ததும் சரசரத்தது. செருப்பிலிருந்து காலை உருவிக் குளிர்ந்த தரையில் வைத்தாள். மூன்றரை மணி பஸ் போயிருக்கும். கடையில் இரண்டு கண்ணீர் அஞ்சலி பாக்கி இருந்தது. வராந்தாவில் யாரோ ஒரு குடும்பம் ஈரத்துண்டும் வாளியுமாக, சுவரைப் பார்க்காமலே கடந்து போனது. அவர்கள் போனபிறகு தண்ணீர் மறுபடியும் அசையத் தொடங்கியது.