சாமியிடம் ஒரு தடவைதான்

இப்போதெல்லாம் பிள்ளைகளைக் கோயிலுக்குக் கூட்டிவந்து, கையில் போனைக் கொடுத்து மூலையில் உட்கார வைத்துவிடுகிறார்கள். பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பிறகு எதற்குக் கூட்டிவருகிறீர்கள்? பூசை என்றால் பிள்ளை பார்க்க வேண்டும், கேட்க வேண்டும். நான் பார்த்தேன், கேட்டேன். ஏழு வயதில் அது ஒரு காரியத்துக்கு உதவியது.

உடுமலைப்பேட்டை பக்கம் எங்கள் குலதெய்வக் கோயில். அமாவாசை தவறாமல் பெரியப்பா எல்லோரையும் வேனில் ஏற்றிக்கொண்டு போவார். கல்யாணமோ கிணறோ, சாமியிடம் பூக் கேட்காமல் எங்கள் வீட்டில் எதுவும் நடக்காது. வெள்ளைப் பூவை ஓர் இலையிலும் சிவப்புப் பூவை ஓர் இலையிலும் மடித்துச் சாமி காலடியில் வைத்து, ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சரி. சிவப்பு வந்தால் வேண்டாம். ஒவ்வொரு முறையும் பெரியப்பா கூட்டத்தைப் பார்த்துச் சொல்வார்: "சாமிகிட்ட ஒருக்காத்தான் கேக்கோணும். மறுக்கா கேட்டா சாமிய நம்பலைன்னு அர்த்தம்."

அந்த அமாவாசைக்கு அத்தையின் கல்யாணப் பேச்சு. அத்தை கோயமுத்தூரில் நர்சிங் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தார். படிப்பை நிறுத்தினால்தான் ஆயிற்று என்றது மாப்பிள்ளை வீடு. பெரியப்பா தலையாட்டிவிட்டார். அத்தையை யாரும் கேட்கவில்லை. சாமியைக் கேட்கத்தான் வந்திருந்தோம்.

அன்று எடுக்கச் சொன்னது என்னை. நான் எடுத்த பொட்டலத்தைப் பூசாரி பிரித்தார். சிவப்பு.

பெரியப்பா முகம் சுண்டிப்போனது. "கொழந்த அவசரத்துல எடுத்துருச்சுங்க. அம்மணி, இன்னொருக்கா எடு கண்ணு."

நான் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"மாட்டேனுங்க பெரியப்பா. ஒருக்காத்தான் கேக்கோணும்னு நீங்கதானுங்க சொன்னீங்க. நீங்க சாமிய நம்பலீங்களா?"

யாரோ சிரித்தார்கள். "புள்ள கேக்கறது நாயந்தானுங்களே" என்றார் பூசாரி. பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். அந்தச் சம்பந்தம் அதோடு முடிந்தது.

அத்தை இன்று ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ். அவரை அந்த உடுப்பில் பார்க்கும்போதெல்லாம் அதில் என் பங்கும் உண்டு என்று நினைப்பேன். சொல்லவும் செய்வேன். எனக்கென்ன வெட்கம்?

ஆனால் அன்று வேனில் அத்தை என்னை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு அழுதார். மாப்பிள்ளை போய்விட்டாரே என்று அழுகிறார் என நினைத்துக்கொண்டேன். எனக்குப் பாவமாக இருந்தது.

"அழுவாதீங்க அத்தை," என்று காதில் சொன்னேன். "அடுத்த அமாவாசைக்கு வெள்ளையாப் பாத்து எடுத்துத் தாரேன்."

அத்தை அழுகையை விட்டுவிட்டு, முன் சீட்டிலிருந்த பெரியப்பாவைப் பார்த்தபடி சட்டென்று என் வாயைப் பொத்தினார். எதற்கென்று அன்று எனக்கு விளங்கவில்லை.