அப்பாவுக்கு நான் போட்ட வயசு

மை ஒழுகும் பேனாவின் பிசுபிசுப்பு கட்டைவிரலில் ஒட்டியிருந்த ஒரு காலையில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது: முகத்தைப் பார்த்தே வயசைச் சொல்லிவிட முடியாதா என்ன?

லோயர் கேம்ப்பில் எங்கள் தெருப் பள்ளிக்கூடத்தில் அடையாள அட்டை முகாம் போட்டிருந்தார்கள். நான் அப்போது ஏழாம் வகுப்பு, பன்னிரண்டு வயசு, கையெழுத்துக்குப் பெயர் வாங்கியவள் என்பதால் வெயில் ஏறுவதற்குள் வரிசையில் நின்ற பாதிப்பேரின் படிவங்கள் என் மடிக்கு வந்துவிட்டன. பெயர், தகப்பன் பெயர், கதவு எண் எல்லாம் மளமளவென்று ஓடும், பிறந்த தேதிக் கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிடும். "ஆத்துல வெள்ளம் வந்த வருசம் நான் தவழுற புள்ள" என்பார் ஒருவர். "எங்க அக்காவுக்கு ரெண்டு வயசு எளையவ நான், அக்காதான் இப்ப இல்லையே" என்பார் இன்னொருவர். இதை வைத்துக்கொண்டு எந்த வருசத்தை எழுதுவது?

பக்கத்து வீட்டுப் பேச்சியம்மா அத்தைதான் வழி காட்டியது. "படிச்ச புள்ளதான நீயி, என்னையப் பாத்து ஒரு வயசு போடு ஆத்தா." பார்த்தேன். கண்ணோரக் கோடு, கழுத்துத் தோல், புறங்கை நரம்பு, பல், முடி என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு "நாப்பத்தெட்டு" என்றேன். அத்தை கொஞ்சம் யோசித்து, "இருக்கும் இருக்கும், போடு" என்றது. அவ்வளவுதான், எனக்குக் கொம்பு முளைத்துவிட்டது. தேதி தெரியாதவர்களுக்கெல்லாம் ஜனவரி ஒன்று, வருசத்துக்கு முகம். அறுபது என்று நான் சொன்ன ஒரு பெரியம்மா மட்டும், "ஏ புள்ள, கண்ண எங்கன வச்சுருக்க? அஞ்சு வயசக் கொறை" என்று சண்டைக்கு வர, மூன்று குறைத்துக் கொடுத்து சமாதானம் செய்தேன். முப்பது பேரையாவது அன்று ஒரே தேதியில் பிறக்க வைத்திருப்பேன்.

கடைசியில் வந்தது அப்பா.

அப்பாவுக்கு "கவாத்து" வேலை. மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்து ஏலக்காய்த் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கும் பெரிய மரங்களில் ஏறி, மழை பிடிப்பதற்கு முன்னால் கிளைகளைக் கழித்துவிடுவது. விடியலில் ஜீப்பில் போய் இருட்டுவதற்குள் திரும்புவார்; முகாமுக்காக அன்று மட்டும் ஜீப் தாமதமாகப் புறப்பட்டது. இருபத்தெட்டு வயதிலேயே அவருக்குத் தலை முழுக்க வெளுத்துவிட்டதாம். கல்யாண வீடுகளில் முன்பின் தெரியாதவர்கள் எழுந்து நாற்காலி கொடுப்பார்கள். ஜீப்பில் வரும் பெண்களோ, "கெழவரே, மெல்ல ஏறுங்க, பேரன் பேத்தியெல்லாம் பாக்கணும்ல" என்று வம்புக்கு இழுப்பார்கள். அவர் சிரித்துக்கொண்டே அணில் மாதிரி மேலே போய்விடுவார்.

"என் வயசு உங்க அம்மாவுக்குத்தான் தெரியும், அவ வேலைக்குப் போயிட்டா. ஜீப்பு வேற நிக்கிது, நீயே பாத்துப் போட்டுவிடு ஆத்தா" என்றார். மற்றவர்களைப் பார்த்தது போலவே அவரையும் பார்த்தேன். சொந்த அப்பா என்பதற்காகக் குறைத்துப் போட்டுவிடக் கூடாது என்று ஒரு நியாயம் வேறு மனசுக்குள். ஐம்பத்திரண்டு. மேசையில் இருந்த ஆபீசர் படிவத்தைப் பார்த்தார், அப்பாவின் தலையைப் பார்த்தார், இரண்டும் ஒத்துப்போயின, அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது அம்மா பேச்சுவாக்கில் சொன்னது: "கல்யாணத்தப்ப ஒங்கப்பாவுக்கு இருவத்தி ரெண்டு. இப்ப முப்பத்தாறு." உருட்டிய சோறு கையிலேயே நின்றது. பதினாறு வருசம்! சொல்லவில்லை. அட்டை தபாலில் வந்தபோதும் சொல்லவில்லை. "எம்புள்ள சரியாத்தான் போட்டிருக்கும், அந்த ஆபீசருக்குத்தான் கண்ணு அவிஞ்சு போச்சு, எங்க அண்ணனுக்கே என்னைய அண்ணனாக்கிட்டாரு" என்று அப்பா தெருவெல்லாம் காட்டிச் சிரித்தார். நானும் கூடச் சிரித்தேன். அப்புறம் ரேஷன் அட்டை, வங்கிப் புத்தகம் என்று ஒவ்வொரு காகிதமும் முந்தின காகிதத்தைப் பார்த்து எழுதிக்கொள்ள, அந்த வருசம் நாலாப்பக்கமும் சுவராக எழும்பிவிட்டது.

பதினாலு வருசம் அது வெறும் வேடிக்கையாகத்தான் இருந்தது. இந்தச் சித்திரையில் தோட்டத்துக்குப் புது மேனேஜர் வந்தார். மரம் ஏறுபவர்களுக்கு விபத்துக் காப்பீடு என்று எல்லோருடைய அட்டையையும் வாங்கிப் பார்த்தவர், அறுபது தாண்டியவர்களைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டார். "அப்பச்சா, அறுபத்தாறு ஆயில்லே? இனி கேறண்டா" என்றாராம். தாத்தா, வயசாகிவிட்டதே, இனி மரம் ஏற வேண்டாம் என்று மலையாளத்தில். ஐம்பது வயது மனிதர் அன்று மத்தியானமே வீடு வந்து சேர்ந்தார்.

இப்போது காலை ஆறு மணிக்கு ஜீப் எங்கள் வீட்டைத் தாண்டும்போது டிரைவர் பழக்கதோசத்தில் ஹாரன் அடிக்கிறார். அப்பா வாசல்வரை போய் நின்றுவிட்டு உள்ளே வருகிறார். இரண்டு அறை வீட்டை மூன்று தரம் கூட்டுகிறார். கால்வாய்க் கரை வரை நடக்கிறார், திரும்புகிறார். பேச்சியம்மா அத்தை சொல்லிற்று என்று தலைக்கு மை பூசி, முகம் வீங்கி, இரண்டு நாள் கண் திறக்க முடியாமல் படுத்திருந்தார். எம்.எஸ்சி. முடித்துவிட்டுத் தேர்வுக்குப் படிக்கிறேன் என்று மறு அறையில் உட்கார்ந்திருக்கும் எனக்கு, அவர் நடக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

அட்டையில் வயசைத் திருத்த ஆபீசுக்குப் போனோம். "ஆதாரம் கொண்டாங்க" என்றார்கள். கொண்டுபோன காகிதமெல்லாம் நான் எழுதிய வருசத்தையே சொல்லின. அங்கே இருந்தவர் அப்பாவை ஏற இறங்கப் பார்த்து, "ஏம்மா, எனக்கே அம்பத்திரண்டு. இவுக எனக்கு எளையவரா?" என்றார். அவர் தலை கருகருவென்று இருந்தது.

இன்று யாரும் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டு நீட்டுவதில்லை. பிள்ளைகள் ஆஸ்பத்திரியிலிருந்தே தேதியோடு வீட்டுக்கு வருகின்றன. "பாத்துப் போடு" என்று வயசை இன்னொருவர் கையில் கொடுத்த மனிதர்கள் எங்கள் தெருவில் சிலரே மிச்சம்.

அப்பா ஐந்தாவது வரை படித்தது அனுமந்தன்பட்டியில். போனில் பேசியபோது அந்தப் பள்ளித் தலைமையாசிரியர், பழைய சேர்க்கைப் பதிவேடு பீரோவில் இருந்தால் தேடிப் பார்க்கலாம், ஆளைக் கூட்டி வாருங்கள் என்றார். திங்கட்கிழமை போகிறோம். அதில் அப்பாவின் பெயர் இருக்குமோ, கரையான் தின்றிருக்குமோ தெரியாது. ஆனால் அதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. இன்னமும் அந்த ஆபீசரைத்தான் அப்பா திட்டிக்கொண்டிருக்கிறார். கம்பம் பஸ் ஸ்டாண்டில் வண்டி பத்து நிமிசம் நிற்கும். அங்கே வைத்துச் சொல்லிவிடப் போகிறேன். ஓடுகிற வண்டியில் சொன்னால் அவர் எங்கே போவார்? நிற்கிற வண்டி என்றால், கோபம் வந்தால் அவர் இறங்கிப் போய்விடலாமே.