ரிசீவரில் ஒரு காலியிடம்

மும்பை மாட்டுங்காவில் நாங்கள் இருந்த கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டுவது என்று முடிவானபோது, அம்மாவைச் செம்பூரில் என் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டேன். அந்த வீட்டைக் காலி செய்த அன்று பரணிலிருந்து கடைசியாக இறங்கியது ஓர் அட்டைப்பெட்டி. எனக்குப் பதினோரு வயதாக இருந்தபோது, சரக்குக் கப்பலில் வேலை பார்த்த சித்தப்பா ஜப்பானிலிருந்து வாங்கி வந்த ரிமோட் கார் அதற்குள் இருந்தது.

பெட்டியைத் திறந்ததுமே குமட்டியது. கரப்பான் முட்டைகள் மூலைமூலையாக ஒட்டியிருந்தன. டயர்களின் ரப்பர் இளகி, யாரோ மென்று துப்பிய சூயிங்கம் போல ஆகியிருந்தது. தொட்ட விரலில் ஒட்டிய கறுப்பு சோப்புப் போட்டும் போகவில்லை. ரிமோட்டின் பின்மூடியைக் கழற்றினால் எட்டு பேட்டரிகளும் கசிந்து, வெள்ளையும் பச்சையுமாகப் பூத்து, ஸ்பிரிங்குகளைத் தின்றிருந்தன. அவற்றுக்கு நடுவில் ஒரு பல்லி தட்டையாகக் காய்ந்து கிடந்தது.

குப்பையில் போட்டிருக்கலாம். ஆனால் மருத்துவமனைக் கருவிகளைப் பழுது பார்ப்பதிலேயே முப்பது வருஷத்தைக் கழித்தவன் நான். நின்றுபோன ஒன்றை, ஏன் நின்றது என்று தெரியாமல் விடுவதற்கு எனக்கு மனசு வராது.

ஞாயிற்றுக்கிழமைகளில் பால்கனியில் பழைய பேப்பர் விரித்து உட்கார்ந்தேன். பேட்டரிக் கசிவை வினிகரும் பழைய பல் பிரஷும் வைத்துத் தேய்த்து எடுத்தேன். இளகிய டயர்களைப் பிய்த்துவிட்டு வேறு போட்டேன். கியர் பெட்டியில் இருந்த கிரீஸ் காதுக்குறும்பி மாதிரி இறுகியிருந்தது. அதைக் குச்சியால் நோண்டி எடுத்த அன்று மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை. ரிமோட்டின் போர்டில் இருந்த கெப்பாசிட்டர்கள் ஒழுகியிருந்தன. சூடான சால்டரிங் அயர்ன் பட்டதும் அவற்றிலிருந்து அழுகிய மீன் வாடை எழுந்தது. அம்மா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு பால்கனிக்கு வந்தாள்.

"என்னடா இது, மீன் நாத்தம் அடிக்கறது. ஆத்துக்குள்ள எதையெல்லாம் கொண்டு வந்து வச்சிருக்கே?"

"கெப்பாசிட்டர்ம்மா. மாத்திண்டிருக்கேன்."

"தூக்கிப் போடாம அதை எதுக்குக் கட்டிண்டு அழறே?" என்று சொல்லிவிட்டு ஜன்னலைச் சாத்திக்கொண்டாள்.

கடைசியாக, காருக்குள் இருக்கும் ரிசீவரைத் திறந்தேன். ரிமோட் அனுப்பும் சிக்னலைக் கேட்டு மோட்டாரை இயக்கும் சின்னப் பெட்டி அது. மொத்த காரிலும் அருவருப்பே வராத ஒரே இடம் அதுதான். யாரோ ஒரு டிரான்சிஸ்டரை மாற்றி, கால்களுக்கு மெல்லிய உறை போட்டு, துளித்துளியாகப் பற்றவைத்திருந்தார். இத்தனை வருஷம் கழித்தும் அந்த ஈயம் பளபளத்தது. நானே இவ்வளவு சுத்தமாகச் செய்திருப்பேனா என்பது சந்தேகம். அதன் பக்கத்தில்தான் அந்தக் காலியிடம் இருந்தது. அங்கே கிரிஸ்டல் இருக்க வேண்டும். எந்த அலைவரிசையைக் கேட்பது என்று ரிசீவருக்குச் சொல்கிற, விரல் நகம் அளவு உலோக வில்லை அது. கையாலேயே சொருகலாம், கையாலேயே உருவலாம். அது இல்லாவிட்டால் கார் செவிடு.

பற்றவைத்தவர் யார் என்று எனக்குத் தெரியும்.

கார் வந்து மூன்று வாரம் ஓடியது. பிறகு ஒரு மழையில் நனைந்து நின்றுவிட்டது. மாட்டுங்கா மார்க்கெட்டில் ஒரு மாடிப்படிக்கு அடியில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவரிடம் அப்பா அதைக் கொடுத்தார். திருநெல்வேலிப் பக்கத்து முஸ்லிம் அவர். அப்போது முப்பது வயது இருக்கும். எங்கள் கட்டடத்தின் ரேடியோக்கள் எல்லாம் அவரிடம்தான் போகும். நாலு நாளில் சரிசெய்து, கடை வாசலிலேயே ஓட்டிக் காட்டிக் கொடுத்தார். அன்று சாயங்காலம் கட்டட வாசலில் நானும் ஓட்டினேன். மறுநாள் காலையில் அது அசையவில்லை. நான் அழுதேன். அப்பா ரிசீவரின் மூடியைத் திறந்து காட்டி, "உள்ளே இருந்த கிரிஸ்டலை உருவிண்டுட்டான்" என்று சொல்லிவிட்டு, என் மணிக்கட்டைப் பிடித்து மார்க்கெட்டுக்கு இழுத்துப் போனார்.

எதிரே இருந்த காபிப்பொடிக் கடையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா அவரைத் திருடன் என்றார். அவருடைய மதத்தைச் சேர்த்து இன்னொன்றும் சொன்னார். அதை எழுத எனக்குக் கூசுகிறது. அந்த மனிதர் குரலை உயர்த்தவே இல்லை.

"நேத்து ஓடிச்சா இல்லையான்னு இந்தத் தம்பிகிட்டயே கேளுங்க சார்."

"ஓடித்தாடா?" என்றார் அப்பா. மணிக்கட்டில் அவர் பிடி இறுகியது.

நான் இல்லை என்று தலையாட்டினேன்.

அதற்குப் பிறகு, குலுக்கலில் கிரிஸ்டல் எங்கேயாவது விழுந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு அதையும் மறந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ரிசீவரை அம்மாவிடம் காட்டினேன். "எல்லாம் சரியாயிடுத்தும்மா. இந்த ஒண்ணுதான் இல்லை. லாமிங்டன் ரோட்டு எலக்ட்ரானிக்ஸ் கடைகள்ல தேடிப் பாக்கணும்."

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த ஓட்டையைப் பார்த்தாள். உள்ளே போய், பொத்தான்களும் பழைய சாவிகளும் போட்டுவைத்திருக்கும் பெருங்காய டப்பாவை எடுத்து வந்தாள். ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரித்து என் உள்ளங்கையில் கவிழ்த்தாள்.

"இதுவா பாரு."

அதேதான். பெருங்காய வாசனை அடித்தது.

"இது எப்படிம்மா உங்கிட்ட?"

"அப்பாதான் எடுத்து வச்சா. நீ அதை ஓட்டறச்சே எல்லாம் கீழாத்து டிவியில கோடு கோடா விழறதாம். இதுக்கெல்லாம் லைசென்ஸ் வேணும், போலீஸ் வரும்னு அந்தாத்து மனுஷர் பயமுறுத்திட்டார். அப்பாவுக்கு கவர்மெண்டு உத்யோகம். பயந்துட்டா."

"சரி, எடுத்தார். அந்தக் கடைக்காரரை ஏன் அத்தனை பேர் முன்னாடி திட்டணும்?"

"நீ அழுதுண்டே இருந்தே. உனக்கு ஒரு பதில் சொல்லணுமோன்னோ?"

இதைச் சொல்லிவிட்டு அம்மா டப்பாவை மூடி எடுத்துப் போனாள். பல்லியையும் கரப்பான் முட்டைகளையும் வெறும் விரலால் எடுத்துப் போட்டவன் நான். இந்தச் சின்ன உலோகத்தைக் கையில் வைத்திருக்க முடியவில்லை. பாத்ரூமுக்குப் போய் இரண்டு முறை கை கழுவினேன்.

ஆனாலும் கிரிஸ்டலைச் சொருகினேன். புது பேட்டரி போட்டு, காரைக் கீழே கொண்டு போனேன். கட்டட வாசலில் அது ஒருமுறை உதறிக்கொண்டு கிளம்பி, வாட்ச்மேன் நாற்காலியைச் சுற்றி வந்தது. "மஸ்த் ஹை சாப்" என்று இந்தியில் மெச்சினார் அவர். எனக்குத் துளி சந்தோஷமும் இல்லை. அணைத்து எடுத்துக்கொண்டு மாடிக்கு வந்துவிட்டேன்.

மார்க்கெட்டில் நாலு இடத்தில் விசாரித்து, ரேடியோக்காரர் தாராவியில் மகள் வீட்டில் இருப்பதைக் கண்டுபிடிக்க இரண்டு வாரம் ஆனது. காரையும் ஒரு பையில் எடுத்துக்கொண்டு போனேன். எழுபதைத் தாண்டியிருந்தார். வாசலை ஒட்டி உள்ளே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் யார் என்று சொன்னேன். அம்மா சொன்னதையும் சொன்னேன்.

"தெரியுமே," என்றார். "நான் குடுக்கும்போது ஓடிச்சுல்லா. பொறவு அது எங்க போவும்? உங்க வீட்டுலதான் இருக்கும்."

"அப்பவே நீங்க சொல்லியிருக்கலாமே."

"சொன்னேன். உங்ககிட்டத்தான கேக்கச் சொன்னேன்."

அவரே தொடர்ந்தார். "அதுக்குப் பொறவு உங்க பில்டிங்ல இருந்து ஒருத்தரும் செட்டு கொண்டாரல. பக்கத்து பில்டிங்கும் அப்பிடித்தான். ஒரு வருசம் பாத்தேன். பொறவு கடையை விட்டுட்டு, இங்க தோல் பை தைக்கிற எடத்துல மிஷின் ரிப்பேருக்குச் சேந்தேன்."

பையிலிருந்து காரை எடுத்து, இதை நீங்கள் வைத்துக்கொள்ள வேண்டும் என்றேன். அந்த நேரத்தில் எனக்கு அது பெரிய காரியமாகத் தோன்றியது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"பைக்குள்ள வையுங்க அதை. பாத்தாலே கொமட்டுது."

உள்ளே வைத்தேன். "நான் என்ன செய்யணும்னு சொல்லுங்க."

அவர் தெருப் பக்கம் கையைக் காட்டினார். "உங்க அப்பா அங்க கடைத்தெருவுல வச்சுல்லா சொன்னாஹ. நீங்க இங்க வந்து வீட்டுக்குள்ள வச்சு சொல்லுதிய."

அடுத்த சனிக்கிழமை காலை இரண்டு பேரும் மாட்டுங்கா மார்க்கெட்டில் சந்தித்தோம். மாடிப்படிக்கு அடியில் இப்போது மொபைல் கவர் விற்கிறார்கள். எதிரே காபிப்பொடிக் கடை மட்டும் இருக்கிறது. அன்று வேடிக்கை பார்த்தவர்களில் ஒருவர், அப்போதைய முதலாளியின் மகன், இப்போது கிழவராகக் கல்லாவில் உட்கார்ந்திருந்தார். கடையில் வாடிக்கையாளர்கள் மூன்று பேர் நின்றிருந்தார்கள். நான் சத்தமாகவே சொன்னேன். என் அப்பா இவரைத் திருடன் என்றது பொய், எடுத்தது அப்பாதான், முந்தின நாள் கார் ஓடியது தெரிந்தும் ஓடவில்லை என்று தலையாட்டியவன் நான் என்று சொன்னேன்.

"அதெல்லாம் எதுக்கு சார் இப்போ?" என்றார் கல்லாக்காரர். "அரைக் கிலோவா, கால் கிலோவா?"

நான் மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். அரவை மிஷின் ஓடிக்கொண்டிருந்ததால் கத்த வேண்டியிருந்தது. கடைப்பையன் மிஷினை நிறுத்தினான். அப்போதுதான் கல்லாக்காரர் என் பக்கத்தில் நின்றவரை உற்றுப் பார்த்தார்.

"நீங்க அந்த ரேடியோக்காரர்தானே? ஊருக்குப் போயிட்டீங்கன்னு நெனச்சோம்."

"இல்ல," என்றார் அவர். "இங்க ஒரு ஸ்டேஷன் தள்ளித்தான் இருந்தேன்."

கல்லாக்காரர் எழுந்து நின்றார். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். ரேடியோக்காரர் உட்காரவில்லை. கடையையும் எதிர்ச் சுவரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, "சரி, வாரேன்" என்றார். டாக்சியில் கொண்டு விடுகிறேன் என்றதற்கு வேண்டாம் என்று கையசைத்துவிட்டு, ஸ்டேஷன் பக்கம் நடந்தார். என் கையைத் தொடவில்லை. மன்னித்ததாகவும் சொல்லவில்லை.

எங்கே போய் வந்தேன் என்று வீட்டில் சொன்னபோது அம்மாவுக்குக் கோபம் வந்தது. "அப்பா போயாச்சு. இப்போ போய் கடைத்தெருவுல அவரை இழுக்கணுமா?" என்றாள். அவள் போட்ட சாதத்தை என்னால் சாப்பிட முடியவில்லை. இரண்டு நாள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

மூன்றாம் நாள் காலை, காபியை என் முன்னால் வைத்துவிட்டு நின்றாள்.

"அதுக்கப்பறம் அவர் கடையை மூடிட்டாரா?"

"மூடிட்டார்."

அம்மா முந்தின நாள் டம்ளர்களை எடுத்துக்கொண்டு கழுவப் போனாள்.